திருடனுக்கு வைத்த குண்டு பிள்ளை மீது பாயலாமா?

அமெரிக்காவில் பல வீடுகளில் துப்பாக்கி உண்டு. வீட்டைக் காக்கத் துப்பாக்கி வைத்துக்கொள்வது குடிமக்களின் உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2008-ம் ஆண்டில் தீர்ப்புக் கூறியது.

வீட்டுக் காவலுக்குப் பலர் வாங்குவது "ஷாட்கன்" என்னும் வேட்டைத் துப்பாக்கி. 2013-ம் ஆண்டில், துணை ஜனாதிபதியாக இருந்த ஜோ பைடன்கூட அதைத்தான் வாங்கச் சொன்னார்.

துப்பாக்கி வாங்கியாகிவிட்டது. எந்தத் தோட்டாவைப் போடுவது?

மூன்று வகை

முதலாவது, பறவை சுடும் தோட்டா. இதில் கடுகைவிடச் சற்றுப் பெரிய ரவைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இரண்டாவது, மான் சுடும் தோட்டா. "இரட்டைப் பூஜ்யம்" என்ற ரகத்தில் கொண்டைக்கடலை அளவில் 8 அல்லது 9 குண்டுகள் இருக்கும். "4-ம் எண்" ரகத்தில் அதைவிடச் சிறிய குண்டுகள் 27 இருக்கும்.

மூன்றாவது, ஒரே பெரிய குண்டு கொண்ட தோட்டா.

பெரிய குண்டு ஆழமாகப் பாயும். சிறிய ரவை அவ்வளவு ஆழம் போகாது. திருடனைத் தடுக்காமலும் போகலாம். ஆகவே பெரிய குண்டே நல்லது என்று பலர் நினைக்கிறார்கள்.

அங்கேதான் ஆபத்து!

சுவரா, அட்டையா?

அமெரிக்க வீடுகளில் உள்சுவர் பெரும்பாலும் செங்கல் அல்ல. மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். நடுவில் வெற்றிடம். மான் குண்டு இந்தச் சுவரைத் துளைக்கும். அடுத்த சுவரையும் துளைக்கும். அந்தச் சுவருக்குப் பின்னால் தூங்குவது யார்? பெற்ற பிள்ளை!

பறவை ரவையானால் பயமில்லை என்பதும் தவறு. பக்கத்தில் நின்று சுட்டால் அதுவும் பலகையைத் துளைத்துவிடும்.

"ஷாட்கன்னுக்குக் குறி பார்க்க வேண்டாம், ரவைகள் விரிந்து போய்ப் பட்டுவிடும்" என்பார்கள். இதுவும் தவறு. 10 அடி தூரத்தில் அவை ஓர் உள்ளங்கை அகலத்துக்குள்தான் விழும். குறி தப்பினால் அத்தனையும் சுவருக்குத்தான் போகும்.

4-ம் எண் குண்டு, இரட்டைப் பூஜ்யத்தைவிடக் குறைவாகத் துளைக்கும். பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது மேல். ஆனால் மனிதனைத் தடுக்கும் தோட்டா எதுவும் அந்தச் சுவருக்கு அடங்காது.

முதலில் சுவரைப் பாருங்கள்

ஆகவே கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிள்ளைகளின் படுக்கை எங்கே? எந்தப் பக்கம் சுடவே கூடாது? ராத்திரியில் சத்தம் கேட்டால் எல்லோரும் எந்த அறையில் கூடுவது? அந்த அறையைத் தாழிட்டு, 911 எண்ணில் போலீசைக் கூப்பிடுவது யார்? இதற்கெல்லாம் பதில் தெரிந்த குடும்பம் சுட வேண்டிய அவசியமே வராமல் போகலாம்.

இன்னொன்று. துப்பாக்கியில் தோட்டா போட்டு வைக்காதீர்கள், இரண்டையும் தனித்தனியே பூட்டி வையுங்கள் என்று அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. "அவசரத்துக்கு உதவாதே!" என்பார்கள் சிலர். திருடன் என்றோ ஒரு நாள் வரலாம், வராமலும் போகலாம். பிள்ளைகளோ தினமும் அந்த வீட்டில்தான் இருக்கிறார்கள்.

நல்ல தோட்டா எது என்று கேட்பதற்கு முன், அது எங்கே போய் நிற்கும் என்று கேட்பவரே வீட்டைக் காப்பவர்.