வண்டி எதுல ஓடுனா என்ன, எங்க நிக்கும்?

1996. நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை என்பவர் தழையைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுக்கிறார் என்று செய்தி. பேப்பரைத் திறந்தால் அதுதான், டீக்கடையில் அதுதான். படித்த விஞ்ஞானிகளே சட்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தபோது நைனாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். இனிமே அரபு நாட்டுக்காரன்கிட்ட கையேந்த வேணாம் நைனா, பஸ்ஸு லாரி எல்லாம் தழையிலயே ஓடும் என்றேன். நைனா பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டுக் கேட்டார்: "தழையில ஓடட்டும், மூத்திரத்துல ஓடட்டும். நம்ம காலனிகிட்ட நிக்குமா?"

எங்கள் காலனி செங்கல்பட்டுப் பக்கம், தார்ரோட்டை ஒட்டியே இருக்கிறது. டவுன் பஸ் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். ஆனால் ஸ்டாப் ஒண்ணேமுக்கால் கிலோமீட்டர் தள்ளி, ஊருக்குள், கோயிலுக்கு எதிரில். கூடையோடு போன எங்கள் பொம்பளைகள் அங்கே இறங்கி ஊர்த்தெரு வழியாகத் திரும்பி நடந்து வரவேண்டும். சைக்கிள் வைத்திருந்தவர்கள் அந்தத் தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். மனு கொடுத்தோம். 'தொழில்நுட்பக் காரணங்களால் இயலாது' என்று பதில் வந்தது. ஒரு பஸ் பிரேக் போட்டு நிற்பதில் என்ன தொழில்நுட்பம் குறுக்கே நின்றது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மூலிகைப் பெட்ரோல் கதை எல்லோருக்கும் தெரியும். சோதனையில் நிற்கவில்லை. பிறகு அதே பெயரில் நாப்தாவும் டொலுவினும் கலந்த எண்ணெயைக் கடை போட்டு விற்றார்கள். 2000ல் சி.பி.ஐ. கைது செய்தது. 2016ல் எழும்பூர் நீதிமன்றம் மூன்றாண்டு தண்டனை கொடுத்தது. அந்த மனிதரைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. நம்பியவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். தண்ணீர் பெட்ரோலாகும் என்று ஒரு நாடே நம்பத் தயாராக இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1997ல், ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் சுந்தரலிங்கம் என்ற பெயரை எழுத அரசு முனைந்தது. கட்டபொம்மனின் படையில் நின்று செத்த தளபதி, ஆனால் தேவேந்திரர். பல்லவன், பாண்டியன், கட்டபொம்மன் என்று ஊரில் உள்ள ராஜா பெயரெல்லாம் பஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்த காலம். இந்த ஒரு பெயர் ஏறியதும் 'அந்த பஸ்ஸில் ஏறமாட்டோம்' என்றார்கள். தென் மாவட்டங்கள் பற்றியெரிந்தன. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாப் பெயரையும் எடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று நீங்கள் இன்றைக்கு வாசிக்கிற மொட்டைப் பெயர் ஒரு தலித்தின் பெயரைச் சகிக்க முடியாததால் வந்தது.

அதே 1997, ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பஸ் டீசலில்தான் ஓடியது.

இதையெல்லாம் ஏன் இப்போது கிளறுகிறேன்? சமீபத்தில் ஒரு கருத்தரங்கில் ஒரு தோழர், நல்ல தோழர், நம்மோடு நிற்கிறவர், 'எதிர்காலப் போக்குவரத்து' பற்றி ஒரு மணிநேரம் பேசினார். ஹைட்ரஜன் ரயில், ஹைப்பர்லூப், தானாக ஓடும் மின்கார். எரிபொருள் மாறினால் உற்பத்தி உறவு மாறும், உற்பத்தி உறவு மாறினால் சாதி தானாக உதிரும் என்று முடித்தார். கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. இந்தப் பாட்டு புதுசு இல்லை தோழர். 1853ல், பம்பாயிலிருந்து தாணேவுக்கு முதல் ரயில் ஓடிய அதே வருஷம், காரல் மார்க்ஸ் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் எழுதினார்: ரயில்வேயிலிருந்து பிறக்கும் நவீனத் தொழில், சாதி நிற்கிற பரம்பரைத் தொழில் பிரிவினையைக் கரைத்துவிடும் என்று. லண்டனில் உட்கார்ந்து எழுதியவர்மேல் எனக்குக் கோபமில்லை. 170 வருஷம் கழித்து இங்கே உட்கார்ந்து அதையே சொல்கிறவர்கள்மேல்தான்.

அந்த ரயில் வந்து நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, 1901ல், மசூர் ரயிலடியில் சில சிறுவர்கள் இறங்கினார்கள். நல்ல சட்டை, நல்ல தொப்பி. அப்பாவைப் பார்க்கக் கோரேகாவ் போகவேண்டும். ரயில் அவர்களை ஏற்றிவந்தது, டிக்கெட் வாங்கினால் ரயில் ஏற்றும். ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக விசாரித்தார், மகர் என்று தெரிந்ததும் முகம் மாறிப் போனார். மாட்டு வண்டிக்காரர்கள் ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவன் சம்மதித்தான். எப்படி? பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொள்ள வேண்டும், அவன் கூட நடந்து வருவான். அந்தச் சிறுவர்களில் ஒருவர் பாபாசாகேப் அம்பேத்கர். 1929ல், பாரிஸ்டராகித் திரும்பி வந்த பிறகு, சாலீஸ்காவில் மறுபடியும் அதே கதை. குதிரைவண்டிக்காரர்கள் ஓட்ட மறுத்ததால், வண்டி ஓட்டிப் பழகாத நம் ஆள் ஒருவர் ஓட்டி, பாலத்தில் வண்டி மோதி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டுக் கால் முறிந்தது. நீராவி எஞ்சின் வந்துவிட்டது. ரயிலடிக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடந்த சில மைல் தூரத்தை எந்த எஞ்சினும் தொடவில்லை. சாதி அந்தச் சில மைலில்தான் குடியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நாற்றமடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்திய ரயில் கரியில் ஓடியது. 1925ல் பம்பாயில் மின்சாரத்தில் ஓடியது. பிறகு டீசலில் ஓடியது. எஞ்சினை இத்தனை முறை மாற்றினார்கள். பெட்டியின் கக்கூஸ் ஓட்டையை மட்டும் மாற்றவில்லை. மேலே எவன் என்ன கழித்தாலும் அது தண்டவாளத்தில் விழுந்தது, அதைத் துடைப்பமும் தகரமும் வைத்து வழித்தவர்கள் நம் அம்மாக்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993ல் வந்தது. 2013ல் இன்னொரு சட்டம் வந்தது. அதில் ஒரு விளக்கம் சேர்த்தார்கள், அரசு சொன்ன கருவியும் பாதுகாப்பு உடுப்பும் கொடுத்துவிட்டால் அவர் மலம் அள்ளுகிறவர் கணக்கில் வரமாட்டார் என்று. பெட்டிக்கு அடியில் ஒரு தொட்டி வைக்கிற யோசனை 2010களில்தான் ரயில்வே முழுக்கப் பரவியது. தொட்டி வைப்பது ராக்கெட் விஞ்ஞானமா? செய்யாமல் இருந்ததற்கு ஒரே காரணம், வழிக்க ஆள் இருந்தது, மலிவாக இருந்தது, பிறப்பாலேயே அமர்த்தப்பட்டிருந்தது. சென்னை ஐ.சி.எப்.பில் 2025 ஜூலையில் ஹைட்ரஜனில் ஓடும் பெட்டியைச் சோதித்தார்கள். புகைக்குப் பதில் தண்ணீர் ஆவிதான் வருமாம். சந்தோஷம். அதன் தரையைக் கூட்டுகிற காண்டிராக்ட் கூலி யார், தினக்கூலி எவ்வளவு என்று அந்தச் செய்தியில் தேடினேன். இல்லை.

அடுத்தது நிலம். புது எரிபொருள் என்று யார் பேச வந்தாலும் முதலில் அவர் வாயிலிருந்து வருகிற சொல் 'தரிசு'. 2003ல் திட்டக் கமிஷனின் குழு காட்டாமணக்கு நட்டு டீசல் எடுக்கலாம் என்றது, ஒரு கோடி ஹெக்டேருக்கும் மேல் தேவை, தரிசு இருக்கிறதே என்றது. அந்தத் தரிசு யாருடையது? செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் எங்கள் ஜனங்களின் நிலைமையை 1891ல் அறிக்கையாக எழுதினார். 1892ல் பஞ்சமி நிலம் கொடுக்க ஆணை வந்தது. எப்படிப்பட்ட நிலம் கொடுத்தார்கள்? எவனும் உழாத தரிசு. எங்கள் பாட்டன்கள் கல் பொறுக்கி, முள் வெட்டி, வண்டல் அடித்து அதைக் காடாக்கினார்கள், கழனியாக்கினார்கள். விற்கக்கூடாது, நம்மவரல்லாத யாருக்கும் மாற்றக்கூடாது என்று சட்டம் இருந்தும் அது கைமாறியது. கேட்கப்போனவர்களுக்கு என்ன கிடைத்தது? 1994 அக்டோபர் 10, காரணை. ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குச் செத்தார்கள். வீணான நிலம் என்று நமக்குக் கொடுத்தது. விளைந்ததும் பிடுங்கியது. மிச்சமிருந்த மேய்ச்சல் காட்டையும் விறகுக் காட்டையும் மறுபடியும் 'வீண்' என்று எழுதி எண்ணெய்க்குக் கேட்டது. ஆடு மேய்க்கிறவளின் கால்நடை கணக்கில் வராது, கரிமூட்டம் போடுகிறவனின் கூலி கணக்கில் வராது. காட்டாமணக்கு எதிர்பார்த்தபடி காய்க்கவில்லை, திட்டம் தானாகப் படுத்துவிட்டது. செடி நம்மைக் காப்பாற்றியது, கட்சிகள் அல்ல.

இப்போது சூரியன். கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் மின்நிலையம் 2016ல் திறக்கப்பட்டது. பட்டா வைத்திருந்தவருக்கு விலை கிடைக்கும், சரி. அந்த மாதிரிக் காட்டில் களையெடுத்தவளுக்கு, சீமைக்கருவேலம் வெட்டியவனுக்குப் பட்டாவும் இல்லை, விலையும் இல்லை. அங்கே கண்ணாடியைத் துடைப்பதற்கும் ரோபோ வந்துவிட்டது. நமக்குப் பயன்படுகிற இடத்தில் ரோபோ வராது, சாக்கடைக்குள் வராது. நம் கூலியைப் பிடுங்குகிற இடத்தில் உடனே வந்துவிடும்.

ஹைப்பர்லூப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. குழாயில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு அதற்குள் பெட்டியை விட்டால் மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் போகும் என்று எலான் மஸ்க் 2013ல் எழுதினார். அமெரிக்காவில் 2020 நவம்பரில் ஒரு கம்பெனி இரண்டு ஆட்களை உட்காரவைத்து ஓட்டிக் காட்டியது, வேகம் 172 கிலோமீட்டர். 2023 முடிவில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நம் ஐ.ஐ.டி. தையூரில் 422 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழாய் போட்டிருக்கிறது, ரயில்வே பணம் கொடுத்திருக்கிறது. பையன்கள் கெட்டிக்காரர்கள், செய்யட்டும். தையூரும் செங்கல்பட்டு மாவட்டம்தான். நாங்கள் ஊர்த்தெரு வழியாக நடந்த தூரம் அந்தக் குழாயைப்போல நாலு மடங்கு. காற்று இல்லாத குழாய் அமைக்க முடிகிற நாட்டில் சாதி இல்லாத தெருவை அமைக்க ஒரு சோதனைத்தடம்கூட இல்லை.

நான் புதிய எரிசக்திக்கு எதிரி என்று யாரும் கிளம்பவேண்டாம். டீசல் புகையை முதலில் குடிப்பது ரோட்டோரக் குடிசைதான், அனல்மின் சாம்பல் விழுவது எண்ணூர்க் குடிசையில்தான். 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் கிளம்பின. ஏறிப் பார்த்தேன். நல்ல வண்டி. புகை இல்லை, தாழ்ந்த படி, கிழவிகள் சிரமமில்லாமல் ஏறுகிறார்கள். ஆனால் ஸ்டியரிங்கில் இருந்த தம்பியிடம் பேச்சுக்கொடுத்தேன். "கவர்மெண்ட் வேலையா தம்பி?" "இல்லண்ணா, கம்பெனி ஆளு. கண்டக்டர்தான் கவர்மெண்ட்டு." வண்டியும் டிரைவரும் தனியாருடையது, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று அரசு வாடகை கொடுக்கிறது. அதாவது டீசலோடு சேர்த்து டிரைவர் வேலையின் 18 சதவீதத்தையும் சத்தமில்லாமல் இறக்கிவிட்டார்கள். போக்குவரத்துக் கழகத்தில் டிரைவராகச் சேர்ந்த ஒருவரால் காலனியில் ஒரு ஓட்டுவீடு எழும்பும், இரண்டு பிள்ளைகள் பட்டம் வாங்கும். நான் அப்படி ஒருவரின் பக்கத்து வீட்டுக்காரன், எனக்குத் தெரியும். பூமியைக் காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் இடஒதுக்கீட்டைக் காலி செய்வதைப் பற்றி அந்தக் கருத்தரங்கில் ஒரு சொல் இல்லை. சுற்றுச்சூழல்காரர்களுக்கு இது சூழல் இல்லை போல.

2004ல் காலனிப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து மூன்று மணிநேரம் மறித்த பிறகு எங்களுக்கு ஸ்டாப் வந்தது. நைனா அதற்குள் போய்விட்டார். அம்மாதான் முதல் நாள் ஏறினாள், எங்கும் போகவேண்டிய வேலை இல்லாமலே ஏறி, டவுன்வரை போய், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்து வாசலில் இறங்கினாள். அது பழைய டீசல் பஸ், கரும்புகை தள்ளுகிற ஓட்டை வண்டி.

இதை வாசிக்கிற மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று கேள்வி போடுங்கள், உங்கள் மாவட்டத்துக்குத் தனித்தனியாக. மின்சார பஸ் ஒப்பந்தம் வந்த பிறகு அரசு நிரப்பாமல் விட்ட டிரைவர் இடங்கள் எத்தனை, அதில் ஆதிதிராவிடர் பங்கு எத்தனை. சூரிய மின்சாரத்துக்கும் காற்றாலைக்கும் போன நிலத்தில் பஞ்சமி எத்தனை ஏக்கர். டவுன் பஸ் தாண்டிப்போகிற காலனிகளில் ஸ்டாப் இல்லாதவை எத்தனை. பதிலை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். 'தொழில்நுட்பக் காரணங்களால் இயலாது' என்று வந்தால் அதையும் அனுப்புங்கள்.