கவச உடைக்குள் நர்ஸ்... மூச்சு விடாத குழந்தை! முதல் நிமிடத்தில் நடப்பது என்ன?

உத்தமபாளையம்,

குழந்தை பிறந்ததும் 'வீல்' என்று அழுதால்தான் லேபர் வார்டில் இருப்பவர்களுக்கு உயிரே வரும். அழாவிட்டால்? டாக்டர், நர்ஸ் கையில் இருப்பது ஒரே ஒரு நிமிடம். அந்த நேரத்தில் தலை முதல் கால் வரை கவச உடை மாட்டிக்கொண்டு நின்றால் என்ன பாடு என்பதை 2020, 2021 கொரோனா காலம் காட்டிவிட்டுப் போனது.

100 குழந்தைகளில் சுமார் 10 குழந்தைகளுக்கு மூச்சைத் தொடங்க உதவி தேவைப்படும். பலருக்கு ஈரம் துடைத்து, முதுகைத் தேய்த்தாலே போதும். அப்படியும் அசையாவிட்டால் ஆம்பு பேக் வைத்து நிமிடத்துக்கு 40 முதல் 60 தடவை காற்று அழுத்த வேண்டும். அதை முதல் நிமிடத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும். டாக்டர்கள் இதை 'தங்க நிமிடம்' என்கிறார்கள்.

வேர்வை, புகை மூடிய கண்ணாடி

கவச உடையை முறைப்படி மாட்டவே பல நிமிடம் பிடிக்கும். மாட்டி முடிக்கும் வரை நின்றால் குழந்தைக்கு ஆபத்து. அரைகுறையாக மாட்டிக்கொண்டு ஓடினால் நர்சுக்கு ஆபத்து.

மாட்டிய பிறகும் நிம்மதி இல்லை. மூச்சுக்காற்று பட்டு கண்ணாடி புகை மூடிக்கொள்ளும். தலைமூடி காதை அடைப்பதால் ஸ்டெதஸ்கோப் மாட்டி இதயத் துடிப்பைக் கேட்பது பெரும்பாடு. தொப்புள் கொடியில் துடிப்பைத் தொட்டுப் பார்க்கலாம் என்றால், இரட்டைக் கையுறைக்குள் விரல் மரத்துப்போன மாதிரி இருக்கும். மாஸ்க் வழியாகச் சொல்வது எதிரே நிற்பவருக்கே பாதிதான் கேட்கும்.

இதற்கு மேல் வெக்கை. குழந்தைக்குக் குளிரக்கூடாது என்று அறையை 25 டிகிரிக்குக் குறையாமல் வைப்பார்கள், ஃபேன் போட மாட்டார்கள். பக்கத்தில் வார்மர் வேறு. உள்ளே நிற்பவருக்கு உடம்பெல்லாம் வேர்வை ஆறுதான். பொம்மைக் குழந்தையை வைத்து வெளிநாடுகளில் நடத்திய ஒத்திகைகளிலும் கவச உடையால் வேலை தாமதமானது தெரியவந்தது.

எல்லைக்கு அந்தப் பக்கம் நிபா

கொரோனாதான் போய்விட்டதே என்று சொல்லிவிட முடியாது. கேரளாவில் 2018, 2019, 2021, 2023, 2024 என்று நிபா திரும்பத் திரும்ப தலைகாட்டியது. கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு குமுளி, கம்பம்மெட்டு வழியாக ஜீப் ஜீப்பாக ஜனங்கள் போய் வருகிறார்கள். கர்ப்பிணிப் பெண்களின் வீட்டுக்காரர்களும் அதில் உண்டு.

க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, உத்தமபாளையத்தில் இருந்து சுமார் 40 கிலோ மீட்டர். மூச்சு விடாத குழந்தை அவ்வளவு தூரம் தாங்காது. பிறந்த இடத்திலேயே மூச்சு வந்தாக வேண்டும்.

வழி இல்லாமல் இல்லை. குழந்தை வெளியே வரும் முன்பே ஒருவர் உடை மாட்டி வார்மர் பக்கத்தில் தயாராக நிற்க வேண்டும். காதில் கேட்பதற்குப் பதில் துடிப்பைக் காட்டும் மானிட்டர், வாய்ப்பேச்சுக்குப் பதில் கை ஜாடை. கவச உடையோடு ஒத்திகை பார்ப்பதும் அவசியம்; ராத்திரி டூட்டியில் ஆள் குறைவாக இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு இது இரட்டிப்பு அவசியம்.

வீட்டாருக்கும் ஒரு வேலை இருக்கிறது. வலி எடுத்த பெண்ணுக்கோ கூட வருபவருக்கோ காய்ச்சல், இருமல் இருந்தால், 'சேர்க்க மாட்டார்களோ' என்று பயந்து மறைக்காமல் 108-ல் ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். வண்டி வந்து சேர்வதற்குள் ஒரு நர்ஸ் உடையை மாட்டி முடித்திருப்பார்.