ஊசி போடச் சொன்ன அமெரிக்க ஆச்சி!

2017 பிப்ரவரியில ஸ்கூல்ல போட்ட மீசில்ஸ்-ரூபெல்லா ஊசி ஞாபகம் இருக்கா மாப்ள? வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, எங்க காரைக்குடி கிளாஸ்ல பல பேர் அன்னிக்கு லீவு!

அமெரிக்காவுல ஒரு ஆச்சி, பெட்டி பம்பர்ஸ். முன்னாள் டிராயிங் டீச்சர். அர்கன்சா கவர்னர் மனைவி. ரிப்பன் வெட்டிட்டுப் போயிருக்கலாம். 1970-கள்ல மாநிலம் முழுக்கக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட வெச்சாங்க.

அணுகுண்டு விழுந்தா எங்கம்மா போறதுன்னு மக கேட்டா. சொந்த ஊருக்குன்னாங்க. ஊரே இல்லைன்னா? பதில் இல்லை. 1982-ல ‘பீஸ் லிங்க்ஸ்’ அமைப்பே பிறந்துடுச்சு.

1989-91-ல மீசில்ஸ் திரும்பி வந்து, நூறு பேருக்கு மேல பலி. விடுவாங்களா ஆச்சி? 1991-ல ரோசலின் கார்ட்டரோட கைகோத்து, ரெண்டு வயசுக்குள்ள எல்லா ஊசியும் போடணும்னு மறுபடி கிளம்பிட்டாங்க.

ஆமா, உங்க அக்கா குட்டிக்கு ரெண்டாவது எம்.ஆர். டோஸ் போட்டாச்சா? 16-லருந்து 24 மாசத்துக்குள்ள போடணும்.