அகராதி எழுதும் விசுவாசப் பிரமாணம்

மூலத்தில் நிற்கும் சொல்லுக்கு நேரான சொல்லை எடுத்து வைப்பதே நேர்மை. கூட்டுவதும் குறைப்பதும் பாவம். படிப்பவருக்குப் புதிதாய்த் தோன்றினால் நாளடைவில் பழகிக்கொள்வர். ஆங்கிலத்திலிருந்து ருஷ்ய மொழிக்கு நூல்களையும் திரைப்படங்களையும் கொண்டு செல்வோரில் ஒரு சாராரின் கொள்கை இது. கேட்கும்போது அறநூல் வாசகம் போலவே ஒலிக்கிறது. ஆயின் இறைவனையும் நம்பிக்கையையும் தொட்டு எழும் வழக்குத் தொடர்களில் இக்கொள்கை என்ன செய்கிறது என்று பார்த்தால், ஆங்கிலேயன் சொல்லாததை அவன் வாயில் திணிக்கிறது. ருஷ்யன் அரிதிற் காத்த ஒன்றை அவன் வாயிலிருந்து பறிக்கிறது.

எடுத்துக்காட்டு ஒன்று. குழந்தைகளை அடித்து வளர்ப்பதில் தனக்கு நம்பிக்கையில்லை என்கிறாள் ஓர் ஆங்கிலத் தாய். அவள் மொழியில் ‘பிலீவ் இன்’ என்னும் தொடர் அங்கே இயல்பாக வரும். அகராதியைத் திறந்தால் அதற்கு நேராக நிற்பது ‘வேரித்’ என்னும் ருஷ்ய வினை. அதை அப்படியே வைத்தால், அடி என்ற ஒன்று உலகில் உண்டு என்பதையே அவள் ஐயுறுவதாகப் பொருள்படும்! பேயில் நம்பிக்கையில்லை என்பது போல, அடியில் நம்பிக்கையில்லையாம். ‘நான் அதற்கு எதிரி’ என்றுதான் ருஷ்யத் தாய் சொல்வாள். அறிவியலாளர்கள் ஒன்றைக் கருதுகிறார்கள் என்னும் செய்தியும் இவ்வாறே கெடுகிறது. ‘பலகாயுத்’, அதாவது கருதுகின்றனர், என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வேர்யத்’ என்று எழுதிவிட, ஆய்வுக்கூடம் ஆலயமாகி விடுகிறது. நம் நாளேடுகளில் நாள்தோறும் வரும் ‘என நம்பப்படுகிறது’ என்பதும் இதே நோயின் தமிழ்ப் பதிப்புத்தான். அதைப் பற்றி வேறொரு முறை சண்டையிடலாம்.

வியப்பில் எழும் சொல்லும் இப்படியே. எதிர்பாராத நற்செய்தி கேட்ட ஆங்கிலேயன் ‘என்னால் நம்ப முடியவில்லை’ என்று கூவுகிறான். ருஷ்யன் அங்கே ‘நே மோஷெத் பித்’ என்பான். இருக்கவே முடியாது என்பது பொருள். ‘நே வேர்யூ’, நம்பமாட்டேன், என்பது அம்மொழியில் நாடக மேதை ஸ்தானிஸ்லாவ்ஸ்கியின் பெயரோடு ஒட்டிக்கொண்ட தீர்ப்பு. பொய்யாக நடித்த நடிகரை நிறுத்தி அவர் சொன்னதாக வழங்கும் அச்சொல்லை மகிழ்ச்சிக் கூவலாக்கினால், கேட்பவர் கண்ணீருக்குப் பதில் கண்டனத்தையே காண்பர்.

இங்கே ‘வேரா’ என்னும் அந்த ருஷ்யப் பெயர்ச்சொல்லின் குடும்பத்தைச் சற்று நின்று பார்ப்பது தகும். விசுவாசமும் வேரா; மனிதர் மீது வைக்கும் நம்பிக்கை ‘தவேரியே’; மாறாத பற்றுள்ளவன் ‘வேர்னி’; மூடநம்பிக்கை ‘சுயவேரியே’, அதாவது வீணான விசுவாசம். ‘ஒருவேளை’ என்று நாம் சொல்லும் ஐயச் சொல்லும் அங்கே ‘வெராயாத்ன’ என்று அதே வேரிலிருந்தே தளிர்க்கிறது. சரிபார்ப்பதற்குரிய ‘ப்ரவெர்யாத்’ என்பதும் அதன் பிள்ளையே. 1987 டிசம்பர் 8 அன்று வாஷிங்டனில் நடுத்தூர அணு ஏவுகணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட வேளையில், அமெரிக்க அதிபர் ரீகன் கோர்பச்சேவின் முன்னிலையில் ஒரு ருஷ்யப் பழமொழியைச் சொன்னார்: ‘தவெர்யாய், நோ ப்ரவெர்யாய்’. நம்பு, ஆனால் சரிபார். எழுத்தாளர் சூசன் மாஸி அவருக்குக் கற்றுக்கொடுத்தது அது. ஆங்கிலத்தில் அதன் இரு வினைகளும் ஒன்றுக்கொன்று அயலார். ருஷ்ய மொழியிலோ ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். பழமொழியின் குறும்பு முழுவதும் அந்த உறவில்தான் இருக்கிறது. இத்தனை கிளைகள் இருக்க, அடிமரத்தை மட்டும் வெட்டி எல்லா இடத்திலும் நடுவது எந்த நேர்மை?

இதனினும் கூரிய வேறுபாடு ஒன்றுண்டு. அன்றாடப் பேச்சில் ‘வேர்யூ’ என்றால் நம்புகிறேன். ‘வேரூயூ’ என்றாலும் அகராதியின்படி நம்புகிறேன் என்பதே பொருள். ஆனால் அது விசுவாசப் பிரமாணத்தின் முதற்சொல். ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டில் மக்கள் கூடிப் பாடுவது அதைத்தான். எழுத்தாளர் வசீலி ஷுக்ஷின் 1971-இல் வெளிவந்த தம் சிறுகதைக்கு இந்த ஒரு சொல்லையே வியப்புக்குறியுடன் தலைப்பாக்கினார். சோவியத் வாசகர் எவருக்கும் அதன் எடை விளக்கப்படத் தேவையிருக்கவில்லை. ‘விசுவசிக்கிறேன்’ என்று செபித்து வளர்ந்து, பின்னர் ‘நம்புகிறேன்’ என்று செபிக்கப் பழகிய நமக்கு இந்த எடை வேறுபாட்டை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். எனவே ஆங்கிலப் பாத்திரம் ஒன்று அச்சொல்லை உதிர்க்கும்போது, அவன் மழை வரும் என்று எண்ணுகிறானா, நண்பனைச் சார்ந்து நிற்கிறானா, தன் ஆண்டவர்முன் மண்டியிடுகிறானா என்று கேட்டறிவது மொழிபெயர்ப்பாளரின் தலைக்கடன். அகராதி அதைக் கேட்காது.

அடுத்து, திரைப்படங்கள் பரப்பிய ‘ஓ மோய் போக்’. ஆங்கிலத்தில் அதிர்ச்சியுற்றவர் கூவும் மூன்று சொற்களின் அச்சு இது. ருஷ்யருக்கு இதற்கெனச் சொல் இல்லையா? ‘போஷே மோய்’ உண்டு, ‘கோஸ்பதி’ உண்டு. விளிவேற்றுமையை ருஷ்ய மொழி ஏறக்குறைய இழந்துவிட்டது. அது இன்றும் உயிரோடிருக்கும் மிகச் சில சொற்களுள் இவை தலையானவை. அதாவது ஒரு மொழி தன் இலக்கணத்தின் ஓர் உறுப்பையே இறைவனை அழைப்பதற்கென வைத்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டு எழுவாயை அப்படியே நிறுத்துவது, ‘கடவுளே!’ என்று அலற வேண்டியவர் ‘ஓ, என் கடவுள்!’ என்று அறிக்கை வாசிப்பது போலாகும்.

இந்த நேர்மையாளரிடம் ஒரு முரணையும் காண்கிறேன். நடக்கவே நடக்காது என்பதற்கு ஆங்கிலேயர் பன்றி பறக்கும்போது என்பர். இவ்விடத்தில் நம் சொல்லுக்குச் சொல் அன்பரும் தயங்காமல் பன்றியைக் கைவிட்டு, மலைமேல் நண்டு சீழ்க்கையடிக்கும்போது என்னும் ருஷ்ய வழக்கை எழுதிவிடுகிறார். நன்றே செய்கிறார். பன்றிக்குத் தந்த சலுகையை இறைவனின் பெயருக்கு மட்டும் மறுப்பானேன்? தும்மியவரை ஆங்கிலேயர் ஆசீர்வதிப்பர். ருஷ்யர் ‘நலமாயிருங்கள்’ என்பர். அங்கே ஆசீரை அப்படியே பெயர்த்தால், தும்மியவர் ஆயரின் முன் நிற்பது போலாகிவிடும். ‘கடவுளை முன்னிட்டு’ என்று ஆங்கிலேயர் எரிச்சலில் சொல்வர். அதே தொடரை ருஷ்யர், உள்ளே வரலாமா என்று கேட்பவருக்குத் தாராளமாக என்னும் பொருளிலும் சொல்வர்.

இவற்றால், இறைவன் வரும் இடமெல்லாம் வழித்துத் துடைத்துவிடலாம் என்று நான் சொல்வதாக எவரும் கொள்ள வேண்டாம். அந்தத் தவற்றை ஓர் அரசே செய்து பார்த்தது. சோவியத் அச்சில் கடவுளைக் குறிக்கும் சொல்லைச் சிற்றெழுத்தில் தொடங்குவதே விதியாயிருந்தது. 1929-இல் ஏழு நாள் வாரத்தையே குலைத்தனர். 1940-இல் அது மீண்டது. இடையிலும் ஞாயிற்றுக்கிழமைக்கு ருஷ்ய மொழியில் ‘உயிர்ப்பு’ என்றே பெயர் நின்றது. ‘இறைவன் காக்க’ என்பதிலிருந்து பிறந்த ‘ஸ்பசீபா’வைச் சொல்லித்தான் நாத்திகரும் ஒருவருக்கொருவர் நன்றி கூறினர். அக்காலத்தில் நத்தாலியா த்ராவுபெர்க் (1928–2009) செஸ்டர்ட்டனையும் லூயிசையும் ருஷ்ய மொழியாக்கினார். அவை தட்டச்சுப் படிகளாகக் கைமாறிப் பரவின. விசுவாசம் உள்ள இடத்தில் அதை விசுவாசமாகவே தந்த பெயர்ப்புகள் அவை. செஸ்டர்ட்டன் 1908-இல் எழுதிய ‘ஆர்த்தடாக்ஸி’ ருஷ்ய மொழியில் ‘அர்ததோக்சியா’ என்னும் அயற்சொல்லாகவே நிற்கிறது. காரணம் வெளிப்படை: தூய ருஷ்யச் சொல்லான ‘ப்ரவஸ்லாவியே’ என்பது ஒரு திருச்சபையின் பெயராகிவிட்டது. ஆலயம் என்னும் பொதுச்சொல்லும் அங்கே பிரிந்து கிடக்கிறது. ஆர்த்தடாக்சுக்கு ‘க்ராம்’, கத்தோலிக்கருக்குப் போலந்து வழி வந்த ‘கஸ்த்யோல்’, லூத்தரன் சபைக்கு ஜெர்மானிய ‘கீர்ஹா’. அங்கே ஒரு கதவைத் திறக்குமுன் அது யாருடைய கதவு என்று சொல்லியாக வேண்டும்.

எதிர்த்தரப்பின் வலிய வாதம் ஒன்று எஞ்சியிருக்கிறது. ஸ்லாவியத் திருமறை மொழியே கிரேக்கத்தின் அச்சுப்பெயர்ப்புத்தானே என்பர். உண்மை. புனிதர்கள் சிரிலும் மெத்தோடியசும் ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிய மரபு அது. ஆண்டவர் கற்பித்த செபத்தில் அன்றாட அப்பத்தைக் குறிக்கும் கடினமான கிரேக்கச் சொல்லை உறுப்பு உறுப்பாகப் பெயர்த்து ‘நசூஷ்னி’ என்றனர். இன்று ருஷ்யர் தம் அவசரத் தேவைகளுக்கெல்லாம் அச்சொல்லை ஆள்கின்றனர். ஆனால் அச்சொல் வேரூன்றியது ஆயிரம் ஆண்டு செபத்தால். தவிர, அம்மொழிபெயர்ப்பாளர் வேறு சொல் இல்லாத இடத்தில் புதுச்சொல் கண்டனர். நாம் பேசும் அன்பர்களோ ‘போஷே மோய்’ கைக்கெட்டும் தொலைவில் இருக்க அதைத் தாண்டிப் போகின்றனர்.

ருஷ்யக் கத்தோலிக்கரின் விசுவாசப் பிரமாணத்தைப் பாருங்கள். ‘கத்தோலிக்க’ என்னும் அடைமொழி வரும் இடத்தில் பழைய ஸ்லாவியப் பாடம் ‘சபோர்னயா’ என்கிறது. ஒன்றுகூடிய என்பது அதன் சாயல். அகராதிக்காரர் விரும்பும் ‘கத்தலீச்செஸ்கயா’வும் ருஷ்ய மொழியில் ஆயத்தமாக இருக்கிறது, அது அவர்களுடைய சொந்தச் சபையின் பெயரே. எனினும் ஞாயிறுதோறும் அவர்கள் அவ்விடத்தில் சொல்வது ‘வ்செலேன்ஸ்கயா’: உலகளாவிய திருச்சபை.