செவிலியர் இல்லாமல் புறப்பட்ட பேருந்து

2011 மார்ச் 14. ஜப்பானின் ஒகுமா நகரிலிருந்த ஃபுதாபா மருத்துவமனையிலிருந்து முதியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு பேருந்து கிளம்பியது. விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையம் அங்கிருந்து ஐந்து கி.மீ.கூட இல்லை. ஏற்றப்பட்டவர்களில் பலர் எழுந்து உட்காரவே முடியாதவர்கள். கதிர்வீச்சுப் பகுதியைச் சுற்றிக்கொண்டு இவாகி நகரப் பள்ளி ஒன்றைச் சேர்வதற்குள் சுமார் 230 கி.மீ. ஓடியிருந்தது; பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வண்டியில் மருத்துவரும் இல்லை, செவிலியரும் இல்லை. வழியிலேயே சிலர் இறந்தனர். அந்த மருத்துவமனையையும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்தையும் காலி செய்ததில், மாத இறுதிக்குள் ஏறத்தாழ 50 பேர் பலியாயினர்.

அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல. குளிர், உடலில் நீர் வற்றியது, கவனிக்க ஆளின்றி முற்றிய நோய். சளியை உறிஞ்சி எடுக்கவும், புரட்டிப் படுக்கவைக்கவும், ட்ரிப் மாற்றவும் ஒரு கை இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள்.

அணு விபத்து என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் விஞ்ஞானிகளும் தீயணைப்பு வீரர்களும்தான். ஆனால் 1986-இல் செர்னோபில் அணுமின் நிலையத்தில் தீயை அணைத்தவர்கள் அருகிலிருந்த பிரிப்யாட் நகர மருத்துவமனைக்கு வந்தபோது, அவர்கள் உடைகளைக் களைந்தவர்கள் அங்கிருந்த ஊழியர்கள். நிலவறையில் போடப்பட்ட அந்த உடைகளில் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் கதிர்வீச்சு அடங்கவில்லை. கதிரியக்கத் தூசு படிந்தவரின் மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டிவிட்டாலே பெரும்பகுதி ஆபத்து விலகிவிடும். ஆனால் உயிர் ஊசலாடும்போது ரத்தப்போக்கை நிறுத்துவதுதான் முதல் வேலை, கழுவுவது பிறகு. இந்த வரிசை தெரியாத செவிலியர் நோயாளியைத் தொடவே அஞ்சுவார். கையுறை, முகக்கவசம், மேலங்கி, கதிர்வீச்சை அளக்கும் பட்டை ஆகியவற்றோடு முறையாக வேலை செய்தால் அவருக்கு நேரும் ஆபத்து மிகக் குறைவு என்பதை முன்கூட்டியே சொல்லித்தர வேண்டாமா?

பீதியும் ஒரு நோய்தான். பிரேசிலின் கோயானியாவில் 1987-இல் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்த கதிரியக்கச் சீசியம் வெளியே வந்தது. இறந்தவர்கள் நான்கு பேர். உடலிலோ உடைமையிலோ கதிரியக்கம் படிந்தவர்கள் 249 பேர். பரிசோதனைக்காகத் திரண்டவர்களோ ஒரு லட்சத்துக்கும் மேல். அத்தனை பேருக்கும் பதில் சொல்ல ஆள் வேண்டும்.

தமிழ்நாட்டில் கூடங்குளம், கல்பாக்கம் அணுமின் நிலையங்கள் இருக்கின்றன. 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது. அணு உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. அடுத்த முறையும் அப்படியே முடியும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அவசரத் திட்டத்துக்குள் வரும் 16 கி.மீ. வட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகள் கிராம சுகாதார செவிலியர்களுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்களுக்கும் தெரியும். அந்தப் பட்டியலை அவசரத் திட்டத்தோடு இணைக்க வேண்டும். இந்தச் செவிலியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும். நோயாளிகளை ஏற்றும் எந்த வண்டியும் செவிலியர் இல்லாமல் கிளம்பக் கூடாது என்பதை அரசு விதியாகவே எழுதிவைக்க வேண்டும்.