எக்ஸ் போட்ட இடம்!

பாஸ், 'ஸ்கைரிம்' ஆடியிருக்கீங்களா? 2011-ல் வந்த கேம். மற்ற வேலைக்கெல்லாம் திரையிலேயே குறி காட்டி, கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போகும். ஆனா ஒரு புதையல் வரைபடம் சிக்கிச்சுன்னா கதையே வேற! குறி கிடையாது, விளக்கம் கிடையாது. கோணல்மாணலா ஒரு படம், அதுல ஒரு எக்ஸ். மிச்சத்தை நீங்கதான் ஊரெல்லாம் சுத்திக் கண்டுபிடிக்கணும். மலையையும் மரத்தையும் அப்பதான் உத்துப் பார்ப்போம். என்னைக் கேட்டா, பெட்டிக்குள்ள இருக்கிறதைவிட அந்தத் தேடல்தான் செம கிக்.

1997-ல் வந்த 'அல்டிமா ஆன்லைன்' இன்னும் மோசம். வரைபடத்தைப் படிக்கவே தனித் திறமை வளர்க்கணும். தோண்டினா, பெட்டியோட சேர்ந்து காவலுக்கு இருக்கிற ஜந்துக்களும் எழுந்து வரும்.

ஒரு விஷயத்துல ரெண்டும் ஒண்ணு. பெட்டியை எடுத்தாச்சா, இடத்தை மறந்துடலாம்.

நிஜத்துல இது தலைகீழ். சாத்தூர் பக்கம் அச்சங்குளம் தெரியுமில்லையா? 2021 பிப்ரவரியில் பட்டாசு ஆலை வெடிவிபத்துல பல உயிர்களைப் பறிகொடுத்த ஊர். அதே வட்டாரத்துல, வைப்பாற்றங்கரையில இருக்கிற வெம்பக்கோட்டையில் 2022-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்குச்சு. சங்கு வளையல், தங்க அணிகலன், சுடுமண் பொம்மைன்னு வரிசையா கிடைச்சது. கூடவே சுடுமண் ஆட்டக்காய்களும்! (கேம் பைத்தியம் நமக்கு முன்னாடியே இருந்திருக்கு.)

அங்கே எக்ஸ் போட்ட வரைபடம் எதுவும் இல்லை. மேட்டைக் கயிறு கட்டிச் சதுரம் சதுரமா பிரிப்பாங்க. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி, எந்தக் குழி, எத்தனை சென்டிமீட்டர் ஆழம்னு ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வைப்பாங்க. அதாவது, தோண்டத் தோண்டத்தான் வரைபடமே உருவாகுது. ஒரு ஆட்டக்காய் எந்த மண்ணடுக்குல, எதுக்குப் பக்கத்துல கிடந்ததுங்கிறதை வெச்சுத்தான் அதோட காலத்தைக் கணிக்க முடியும். யாராவது ஆசையா எடுத்து பாக்கெட்ல போட்டுக்கிட்டா, அது வெறும் ஓட்டுச்சில்லு.

அதனால, உங்க ஊர் மேட்டுல மழைக்கு அப்புறம் பழைய பானை ஓடோ காசோ தலையை நீட்டினா, மண்வெட்டியைத் தேடாதீங்க. இருந்த இடத்துலயே போட்டோ எடுத்துட்டு வி.ஏ.ஓ.கிட்ட சொல்லுங்க. 1878-ம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுல கிடைக்கிற புதையல் 10 ரூபாய்க்கு மேல மதிப்புன்னா கலெக்டருக்குத் தகவல் கொடுத்தே ஆகணும்.

10 ரூபாய்! இன்னிக்கு நம்ம கேன்டீன்ல ஒரு டீக்கே இழுத்துப் பறிக்கும்.