மாத்திரை போட்டபின் பரிசோதனையா?

பிடோக் காப்பிக்கடையில் நண்பர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தொண்டை வலிக்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன். இப்போ பாலியல் நோய்ப் பரிசோதனை செஞ்சா முடிவு சரியா வருமா?"

வானொலியில் மணிக்கணக்கில் பேசும் எனக்கே ஒரு நொடி பேச்சு வரவில்லை.

எச்ஐவி பரிசோதனையை அந்த மாத்திரை பாதிக்காது, அது வைரஸ். கிளமிடியாவும் கொனோரியாவும் பாக்டீரியா. மாத்திரை அவற்றை அரைகுறையாக அடக்கினால், தொற்று இருந்தும் 'இல்லை' என்று வரலாம். முழுதாகக் குணமான பிறகும், செத்த கிருமியின் மரபணு மிச்சத்தால் சில வாரம் 'இருக்கிறது' என்று காட்டலாம்.

எந்த மாத்திரை, எப்போது முடித்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கிளந்தான் லேனில் இதற்கென்றே டிஎஸ்சி மருந்தகம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகலாம்.

நண்பர் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு போனார்.